பதில் வராத பெட்டி

கல்யாணமாகி மூன்றாம் நாள் காலை அண்ணி அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் கழுத்தில் இரண்டு கயிறுகள் இருந்தன. ஒன்று, தொட்டால் மஞ்சள் ஒட்டுகிற புதுத் தாலிக்கயிறு. மற்றது விசில் கோத்த கறுப்புக் கயிறு. நீலக் கால்சட்டை, தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை, காலில் கறுப்புச் சப்பாத்து, கை நிறைய மருதாணி. வாசலில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. ஊருக்குத் திரும்பாத சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னாம்மா இது, கழுத்துல ரெண்டு கயிறு?" என்றார் அம்மா.

"ஒன்னு உங்க மகனுக்கு, ஒன்னு பேசஞ்சருக்கு, அத்தை," என்றார் அண்ணி. குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அண்ணனுடைய மோட்டர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாத்தனார் என்ற பதவி எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது என்று நினைத்து, "மருதாணியோடவா ரயிலுக்கு?" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் தேநீரைக் குடிக்க ஆரம்பித்தேன்.

அப்போது நாங்கள் ரெம்பாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பா குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா ஒரு காலத்தில் பால்வெட்டுக்குப் போனவர். இடது பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார், நான் பிறப்பதற்கு முன்பே அந்த வேலையை விட்டுவிட்டார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலைக்குப் போனார்கள். நான் கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தேன். ரயில் வேலைக்கு மட்டும் எங்களில் யாரும் போனதில்லை. கண்டக்டர் என்றதும் தோட்டத்தில் எல்லாருக்கும் பழைய பஸ்தான் ஞாபகம் வந்தது. "பைய மாட்டிக்கிட்டு டிக்கெட்டு கிழிக்கிற வேலையா?" என்று பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தர் அம்மாவிடமே வந்து கேட்டார். அம்மாவுக்கு அது பெரிய தலையிறக்கமாகப் போயிற்று. பிள்ளை உண்டானால் விசிலைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று அண்ணியிடம் நேராகவே சொன்னார். "பாக்கலாம் அத்தை," என்றார் அண்ணி. அவர் வாயில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது எங்களுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

அவருடைய ரயில் நகரத்துக்கு அடியில் சுரங்கத்தில் ஓடியது. முன்னால் டிரைவர், ஆகக் கடைசியில் ஒரு சின்ன அறையில் கண்டக்டர். கதவைத் திறப்பதும் மூடுவதும் கண்டக்டர் வேலை. நான் சிரம்பானிலிருந்து வரும் ரயிலில் இறங்கி, அந்தச் சுரங்க ரயிலைப் பிடித்துத்தான் வேலைக்குப் போவேன். சில நாட்களில் அண்ணியின் ரயிலே வந்துவிடும். நிலையத்தில் ரயில் நின்றதும் கடைசிச் சன்னலிலிருந்து அவர் இடுப்புவரை வெளியே வருவார். ஒரு கையைத் தூக்கியபடி மேடையின் முழு நீளத்தையும் பார்ப்பார். கைத்தடி வைத்திருப்பவரை, பிள்ளை வண்டி தள்ளுபவரை, ஓடி வருகிறவரை, ஓடி வருவது போல் பாவனை காட்டிவிட்டு நின்றுவிடுகிறவரை எல்லாம் அந்தக் கண் ஒரு முறை தொட்டுவிட்டுப் போகும். பிறகு விசில். பிறகுதான் கதவு. வீட்டில் இரண்டு முறை குழம்பைக் கருகவிட்ட பெண் இவர்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சீருடையில் இருக்கும்போது அவருக்குச் சொந்தம் கிடையாது. ஒரு நாள் நான் கதவருகில் நின்று அவருக்குக் கையாட்டினேன். "உள்ள போங்க மிஸ், கதவ மறைக்காதீங்க," என்றார். மிஸ்ஸாம். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் மூட்டிவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறி உட்கார்ந்து தூங்குவது போல் நடிப்பார்கள். அண்ணி அவர்களைத் திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். அண்ணே, அங்கிள், அப்பாங் என்று ஆளுக்கு ஏற்ற மொழியில் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். பதில் சொல்லும்வரை நகரமாட்டார். எவ்வளவு தடித்த தோலாக இருந்தாலும் அடுத்த நிலையத்துக்குள் கண்ணைத் திறந்துவிடுவார்கள்.

இந்தப் பதில் விஷயம் எங்கள் வீட்டில் பெரிய தொந்தரவு. அண்ணி கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். "உம்" என்பது பதில் இல்லை. நாம் தலைசீவிக்கொண்டு பேசாமல் இருந்தால் கரண்டியோடு வந்து வாசலில் நிற்பார். "கூப்புட்டேன், பதில் வரல, அதான் வந்தேன்," என்பார். கோபமெல்லாம் இருக்காது. சும்மா பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், "இது என்னா அண்ணி வியாதி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் பிறந்தது கோலா பிலா பக்கம் ஒரு கித்தாத் தோட்டம். பள்ளி விடுமுறையில் தன் அம்மாவோடு காட்டுக்குப் போவார். மரங்களுக்கு நடுவே ஒருவர் வெட்டுவது இன்னொருவருக்குத் தெரியாது. ஆகவே பால் எடுக்கிற நேரம் வந்தாலும் சரி, மழை கறுத்தாலும் சரி, கங்காணி வேலை பார்க்கும் மண்டோர், ரோட்டில் நின்று ஒரு குரல் கொடுப்பார். முதல் மர நிரையில் இருப்பவர் அதை அடுத்த நிரைக்குக் கொடுப்பார். அது அப்படியே போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் கடைசியாக இருப்பவரைத் தொட வேண்டும். அதோடு முடியாது. கடைசி ஆள் திருப்பிக் குரல் கொடுக்க, அது நிரை நிரையாக மண்டோரிடம் வந்து சேர வேண்டும். சேர்ந்த பிறகுதான் வாளியைத் தூக்கலாம். "எங்கியாச்சும் நின்னு போச்சுன்னா பக்கத்து நிரை ஆளு கத்திய வச்சிட்டுப் போய்ப் பாக்கணும். பாம்பா இருக்கும், பன்னியா இருக்கும். பெரும்பாலும் ஒன்னும் இருக்காது, வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. இருந்தாலும் போய்ப் பாக்கணும்லா." நான் அம்மாவின் பக்கம் திரும்பி, நம் தோட்டத்திலும் அப்படித்தானா என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், மருத்துவர் கொடுத்தனுப்பிய பல் அச்சுகளை இன்னொரு இடத்தில் சேர்ப்பதற்காக நான் ரயில் ஏறினேன். அண்ணியின் ரயில். அவர் அறைக்கு ஒட்டினாற்போல் கடைசிப் பெட்டியில் நின்றேன், கதவை மறைக்காமல். பள்ளி விட்ட நேரமாதலால் கூட்டம். இரண்டு நிலையங்களுக்கு நடுவில், சுரங்கத்தில், ரயில் முனகிக்கொண்டே நின்றது. விளக்குகள் அணைந்து, கூரையில் ஒன்றிரண்டு மட்டும் மங்கலாக எரிந்தன. குளிர்காற்று நின்றுபோனது. அந்த அமைதியில்தான் அது இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்தது என்பதே தெரிந்தது.

அண்ணி தன் அறைக்குள் டிரைவரோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது. மின்சாரம் போய்விட்டது, மேலிடத்திலிருந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்றாராம் டிரைவர். பிறகு அண்ணி பெட்டிகளுக்குப் பேசும் ஒலிபெருக்கியை அழுத்திப் பார்த்தார். செத்துக் கிடந்தது. கதவைத் திறந்துகொண்டு எங்கள் பெட்டிக்குள் வந்தார். முதலில் மலாயில், பிறகு தமிழில் சொன்னார். மின்சாரம் போயிருக்கிறது, வந்துவிடும். யாரும் கதவைத் தொட வேண்டாம். வெளியே தண்டவாளத்துப் பக்கம் மின்சாரக் கம்பி ஓடுகிறது, எந்த நேரமும் உயிர் வந்துவிடும். இதை அப்படியே முன்பெட்டிக்குச் சொல்லுங்கள், அவர்கள் அதற்கு முன்பெட்டிக்குச் சொல்லட்டும். கேட்டவர்கள் பதில் அனுப்ப வேண்டும்.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே வழி இருந்தது, ஆனால் நெரிசலில் ஆள் போக முடியாது. வார்த்தை போயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது, கத்திக் கத்திச் சொன்னார்கள். குரல் தூரத்தில் மங்கி, சற்று நேரத்தில் "ஓகே, ஓகே" என்று ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பி வந்தது. கூட்டம் சிரித்தது. ஆனால் ஆக முன்னால் இருந்த பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த பெட்டிக்காரர்கள், சொல்லியாயிற்று, அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று தகவல் அனுப்பினார்கள். அண்ணி இன்னொரு முறை அனுப்பினார். மறுபடியும் அதே. "அவங்க அரட்டை அடிச்சிக்கிட்டிருப்பாங்கலா," என்று எங்கள் பெட்டியில் ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணி தன் அறையைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "தங்கச்சி, நீ இங்கயே நில்லு. யாராச்சும் கதவத் தொட்டா கத்து," என்றார். சீருடையில் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பிறகு கூட்டத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, தோளால் வழி பண்ணிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம்வரை தொப்பி தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

அவர் போன சற்று நேரத்தில் பூட்டிய அறைக்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான் கண்ணாடியில் முகத்தை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்வது?

ஆக முன்னால் இருந்த அந்தப் பெட்டியில் நடந்ததை அண்ணி சொல்லியும், பின்னால் மற்றவர்கள் சொல்லியும் தெரிந்துகொண்டேன். அங்கே தீய்ந்த வாடை வந்திருக்கிறது. ரயில் சட்டென்று நின்றால் சக்கரத்துப் பக்கம் வரும் வாடைதான், ஆனால் இருட்டில் யார் அதை யோசிப்பார்கள். ஒருவர் தீ என்றிருக்கிறார். மொத்தப் பெட்டியும் ஒரு கதவின் பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னாலிருந்து வந்த குரல் யார் காதிலும் ஏறவில்லை. அவசரக் கைப்பிடியை இழுத்துக் கதவை ஆள் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டார்கள். ஓர் இளைஞன் இறங்குவதற்காக ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தான். டிரைவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். ஆனால் கூட்டம் அவர் கதவோடு நெருக்கிக்கொண்டு நின்றதால் அவரால் அதைத் திறக்கவே முடியவில்லை.

அண்ணி அந்த இளைஞனின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். இழுத்துவிட்டு அந்த இடைவெளியில் தானே போய் நின்றுகொண்டார். முதுகுப்பக்கம் இருட்டு, இரண்டு கையும் கதவின் இரண்டு பக்கத்திலும். "என்னைத் தாண்டித்தான் போவணும்," என்றாராம். அவர் ஒல்லி. தள்ளினால் விழுந்துவிடுகிற ஆள். ஆனால் தள்ள வேண்டும் என்றால் ஒரு மனுஷியைச் சுரங்கத்துக்குள் தள்ள வேண்டும், அதற்கு அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. அங்கிள், கொஞ்சம் உள்ள போங்க. அக்கா, பிள்ளையத் தூக்கிக்குங்க. அப்பாங், அந்தச் சன்னலுக்கு வழி விடுங்க. ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் பதில் வாங்கினாராம். கதவைக் கையால் இழுத்து மூடிப் பூட்டிய சற்றைக்கெல்லாம் மின்சாரம் வந்தது. எங்கள் பெட்டியில் எல்லாரும் கைதட்டினார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

பாராட்டு வரும் என்று வீட்டில் எதிர்பார்த்தோம். விசாரணைதான் வந்தது. ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் கண்டக்டர் எந்தக் காரணத்துக்காகவும் பின்னறையை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். மேலிடத்தில் மின்சாரத்தைத் திருப்பிவிடுவதற்கு முன் பின்னறையைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. பதில் இல்லாததால் அவர்கள் தயங்கி, சுரங்கத்தில் அத்தனை பேரும் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இனிமேல் எது நடந்தாலும் அறையை விட்டு நகரமாட்டேன் என்று உறுதி கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவோம், இல்லையென்றால் ரயிலில் வைத்திருக்க முடியாது என்றார்கள். யோசித்துத் திங்கட்கிழமை வந்து சொல்லும்படி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சனி ஞாயிறு எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "சரின்னு சொல்லிட்டு வேலையப் பாரு. வாயால சொல்றதுதான, யாரு வந்து பாக்கப் போறா?" என்றான். அப்பாவும் அதையே சொன்னார். அண்ணி, "நான் சொன்னா செய்வேன்னு அவங்களுக்குத் தெரியும் மாமா. அதனாலதான் கேக்குறாங்க," என்றார். அவருக்கு அந்த வேலை என்றால் உயிர். படித்துத் தேர்வு எழுதி, மூன்று முறை போய் நின்று வாங்கிய வேலை. அதை எப்படியாவது விட வைக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து தவம் கிடந்த அம்மாவுக்கு, சும்மா இருந்தாலே காரியம் நடந்துவிடும். நான் அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா சாய்ந்து சாய்ந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு என் கூட வெட்டுனவங்க எல்லாரும் குரல் கொடுத்தாங்க," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று முதலில் புரியவில்லை. "நான் பள்ளத்துல கெடந்தேன். மேல போவுது குரலு, நல்லா கேக்குது. இடுப்பு ஒடஞ்சு மூச்சே வரல, எங்க திருப்பிக் கொடுக்குறது. மழை வர்றாப்புல இருந்துச்சு. 'அவ வந்துருவா, நீங்க எடுங்க'ன்னு மண்டோரு சொன்னாரு. அதுவும் கேட்டுச்சு. எல்லாரும் வாளியத் தூக்குற சத்தமும் கேட்டுச்சு. மழையில நனஞ்சுக்கிட்டு பொழுது சாயறவரைக்கும் அங்கதான் கெடந்தேன்."

அம்மா விழுந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் நானும் அண்ணனும் நினைத்து வளர்ந்தோம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கிட்டே போகவில்லை, கையைப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் என்னா சொல்லணும் அத்தை?" என்று மட்டும் கேட்டார்.

"அது ஒனக்குத் தெரியும்," என்றார் அம்மா.

திங்கட்கிழமை நடந்ததை அண்ணி எங்களிடம் சரியாகச் சொல்லவே இல்லை. அன்று அந்த ரயிலை ஓட்டிய மலாய்க்கார டிரைவர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். அவர் தீபாவளிக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினார். விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை, பொறுமையாகவே பேசியிருக்கிறார். பதில் வரவில்லை என்பதால் போனேன் என்கிறீர்களே, நாங்களும் உங்களைக் கூப்பிட்டோம், உங்களிடமிருந்தும் பதில் வரவில்லையே என்று கேட்டாராம். அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, அது தப்புத்தான். ஆனா பதில் வரலன்னதும் நீங்களும் யாரையாச்சும் அனுப்பியிருக்கணும்," என்றாராம். டிரைவர் இதைச் சொல்லிவிட்டு முறுக்கை மேசையில் வைத்தார்.

உறுதி மட்டும் அண்ணி கொடுக்கவில்லை. ஆகவே ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒரு சுரங்க நிலையத்தில் மேடைக் கண்காணிப்பு வேலை கொடுத்தார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வேலை. அண்ணிக்கு அது பெரிய அடி. வீட்டில் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டாலும் வந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், வரமாட்டார். இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னார். கூடவே, பிள்ளை உண்டாகியிருப்பதையும் சொன்னார். இரண்டையும் ஒன்றாகச் சொன்னது அம்மாவுக்குக் கொடுக்கும் வெற்றி மாதிரி இருந்தது.

மறுநாள் அம்மா என்னோடு புறப்பட்டார். தோட்டத்தை விட்டால் ரெம்பாவ் பசார், அதைத் தாண்டினால் சிரம்பான் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அவர் உலகம். நகரும் படிக்கட்டில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அண்ணி மேடையின் நடுவில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது, ஆனால் ரயில் வந்துகொண்டிருந்ததால் நகரவில்லை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். ரயில்கள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் அண்ணி முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை பார்வையை ஓட்டி, கடைசிச் சன்னலில் நிற்கும் கண்டக்டருக்குக் கை தூக்கினார். அங்கிருந்து ஒரு கை எழும்பியது. அது எழுந்த பிறகுதான் அவர் கையை இறக்கினார். அப்படிச் செய்யும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மேடையில் நிற்கிறவர்களுக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ரயில் இல்லாத ஓர் இடைவெளியில் அண்ணி பெஞ்சருகே வந்தார். "எதுக்கு அத்தை இவ்ளோ தூரம்? காலு என்னாத்துக்கு ஆவும்?"

அம்மா எழுந்து நின்றார். எழுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "இந்த வேலைய விட்றாத," என்றார். "பிள்ளைய நான் பாத்துக்குறேன்."

பிள்ளையை அவர்தான் பார்த்துக்கொண்டார். தோட்டத்தை விட்டுச் சிரம்பானில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும், தான் படுக்கையில் விழும்வரை பார்த்துக்கொண்டார். அண்ணி ஓய்வு பெறும்வரை அந்த மேடையில்தான் நின்றார். மறுபடி ரயிலில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டார், நடக்கவில்லை. அதை அவர் பெரிதுபடுத்திப் பேசியதில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை. நல்லது செய்தவர்களுக்குக் கடைசியில் நல்லதே நடக்கும் என்று யாராவது சொன்னால், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும் அண்ணியும் கோலாலம்பூர் போனோம். இப்போது வந்திருக்கும் புதுச் சுரங்க ரயிலில் கண்டக்டர் இல்லை, டிரைவரும் இல்லை. முன் கண்ணாடியில் பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்க்கிறார்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று திறந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளமான ஒரே கூடம் போல் இருக்கிறது. நாங்கள் ஆக முன்னால் உட்கார்ந்திருந்தோம். சுரங்கத்தில் ஓரிடத்தில் ரயில் நின்றது. விளக்கு அணையவில்லை, குளிர்காற்றும் நிற்கவில்லை. பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல் மலாயிலும் ஆங்கிலத்திலும் சிறு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டது. யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அண்ணி அந்தக் குரல் வந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காருங்க அண்ணி, முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்க," என்றேன்.

அவர் கேட்கவில்லை. கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தபடி மெல்ல நடந்தார். நரைத்த கொண்டை தூரத்தில் சின்னதாகி, ஆட்களுக்கு நடுவே மறைந்தது. நான் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"கடைசியில ஒரு பச்சப்புள்ள அழுவுது. பசிதான், தாய்க்காரி பால் கலக்குறா. மத்தவங்க எல்லாம் நல்லாருக்காங்க," என்றார்.

நான், "சரி அண்ணி," என்றேன். அதன் பிறகு ரயில் நகர்ந்தது.